கேட்காத பொட்டாசியம்

“இனிமே அட்மிட் ஆன எல்லாருக்கும் தினம் காலைல ரத்தம் எடுக்க வேண்டாம்” என்று டாக்டர் இராஜாங்கம் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த மங்களாம்பிகைக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

கும்பகோணத்தில் அறுபது படுக்கை கொண்ட மருத்துவமனை அது. இராஜாங்கம்தான் முதலாளி, தலைமை மருத்துவரும் அவரே. மங்களாம்பிகை அங்கே பரிசோதனைக்கூடத்தின் டாக்டர். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். காய்ச்சலோ கால் வீக்கமோ, எதற்காக வந்து படுத்தாலும் முதல் நாளே சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், கல்லீரல், ரத்த அணுக்கள், சிறுநீர் என்று மொத்தமாக எழுதிவிடுவார்கள். அதற்கு ‘செட்டு’ என்று பெயர். வீட்டுக்குப் போகும் நாள்வரை தினமும் விடியற்காலையில் அதே செட்டு மறுபடி நடக்கும். காலில் முள் குத்திப் புண்ணாகி வந்தவருக்குக் கல்லீரல் நேற்றும் சரியாக இருந்தது, இன்றும் சரியாக இருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள்.

“டாக்டர் அம்சவல்லி ஒரு யோசனை சொன்னாங்க” என்றார் இராஜாங்கம். “டெஸ்ட் எழுதுற டாக்டர், ரிசல்ட் வந்ததும் வைத்தியத்துல எதை மாத்தப்போறேன்னு ஒரு வரி கூடவே எழுதணும். மாத்த ஒண்ணுமில்லைன்னா டெஸ்ட்டும் இல்ல. எனக்கு சரின்னுதான் படுது.”

அம்சவல்லி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். முப்பத்திரண்டு வயது. புரட்டாசியில்தான் பொது மருத்துவராக வந்து சேர்ந்திருந்தாள். “மேடம் கூட நின்னாங்கன்னா நல்லா நடக்கும் சார்” என்றாள்.

“செய்யலாம்” என்றாள் மங்களாம்பிகை. குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

படியிறங்கும்போதுதான் நெஞ்சுக்குள் எரிய ஆரம்பித்தது. அதே அறையில், அதே மேஜைக்கு முன்னால் நின்று அவளே இதைச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருஷம் ஆகிறது. நாலு வார்டுகளின் ரிசல்ட்டுகளை ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து, முக்கால்வாசி டெஸ்ட்டுகளால் எந்த நோயாளிக்கும் எந்த மருந்தும் மாறவில்லை என்று எடுத்துச் சொன்னாள். இராஜாங்கம் முழுதும் கேட்டார். பிறகு, “மங்களம், கடையைத் திறந்து வச்சிக்கிட்டு வர்ற ஆளைத் திரும்பிப் போங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?” என்று சிரித்தார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

இப்போது காலம் மாறியிருந்தது. அந்த வருஷம் மேட்டூரிலிருந்து தண்ணீர் வரவில்லை. குறுவை போய்விட்டது. குத்தாலம், திருப்பனந்தாள் பக்கத்து விவசாயிகள் படுத்த மூன்றாம் நாளே பில்லைப் பார்த்து ‘எழுதிக் குடுங்க, போறோம்’ என்று எழுந்துவிட்டார்கள். படுக்கைகள் காலியாகக் கிடந்தன. டெஸ்ட் அதிகம் எழுதாத அம்சவல்லி பார்க்கும் நோயாளிகள் மட்டும் கடைசிவரை இருந்தார்கள், திரும்பவும் வந்தார்கள், ஊரில் நாலு பேரையும் அனுப்பினார்கள். இராஜாங்கத்துக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. இதெல்லாம் மங்களாம்பிகைக்கும் தெரியும். தெரிந்து என்ன? தான் சொன்னபோது சிரித்தவர், இவள் சொன்னபோது தலையாட்டினாரே.

அதுவும் இவள்.

அம்சவல்லி எந்த ஊர் என்பது வேலையில் சேர்ந்த அன்றே மங்களாம்பிகைக்குத் தெரிந்துவிட்டது. திருப்பனந்தாளுக்கு அந்தண்டை, தன்னுடைய சொந்த ஊர்தான். மங்களாம்பிகையின் அப்பா பஞ்சநதம் அங்கே மூன்று வேலி நிலம் வைத்திருந்தார். அம்சவல்லியின் அப்பா செல்லதுரை அந்த நிலத்தில் பண்ணையாளாக இருந்து, பிறகு செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, அறுவடைக் கூலிக்காகக் களத்து மேட்டில் நின்று மறித்தவர். புது ஆட்சி வந்து நில உச்சவரம்பைக் குறைத்தபோது, பஞ்சநதம் கொஞ்சம் நிலத்தைத் தஞ்சாவூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகள் பெயருக்கு எழுதி வைத்தார். அது செல்லாது என்று தாசில்தார் தள்ளிவிட்டார். மங்களாம்பிகை பெயரில் இருந்த அந்த நிலம்தான் உபரி என்று எடுக்கப்பட்டது. அதில் ஒரு ஏக்கர் செல்லதுரைக்குப் பட்டாவாகிப் போனது.

தன் பெயரில் இருந்த காலத்தில் மங்களாம்பிகை ஒரு தடவைகூட அந்த வரப்பில் கால் வைத்ததில்லை. இழந்தது பற்றி வருத்தப்பட்டதும் இல்லை. நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லதுதானே என்று கல்லூரியில் பேசியிருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான், பரிசோதனைக்கூடத்தின் சன்னல் வழியாக அம்சவல்லி வார்டுக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஏக்கர் அவள் நினைவுக்கு வந்தது. அதில் விளைந்த நெல்லில் படித்தவள் என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் வெட்கமாக இருக்கும். வெட்கப்பட வைத்ததற்காகவும் அம்சவல்லி மேல் கோபம் வரும்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, பஞ்சநதம் முழங்காலுக்கு ஏதோ தைலம் தடவிக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. மனைவி போன பிறகு மகளோடு இருந்தார்.

“யாரு குடுத்தது இது?”

“உங்க ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போயிருந்தேன். செல்லதுரை மக பாத்துச்சு.”

மங்களாம்பிகை கைப்பையைக் கீழே வைக்கவில்லை. “என்கிட்ட சொல்லியிருந்தா நான் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்ல.”

“நீ வேலையா இருப்பே. நான் பாட்டுக்கு வரிசையில உக்காந்தேன். உள்ள போனதும் ‘வாங்க ஐயா, நம்ம ஊரு’ன்னு எழுந்திரிச்சுது. காலை மடக்கி நீட்டிப் பாத்துச்சு. ரத்தம் ஏதும் எடுக்கணுமான்னு கேட்டேன். ‘எடுத்தாலும் இதே மருந்துதான் ஐயா தரப்போறேன், எதுக்கு ஊசி குத்திக்கிட்டு’ன்னுச்சு. கால் மணி நேரம் பேசிக்கிட்டிருந்துச்சு. வாய்க்கால்ல தண்ணி இல்லாம அவங்கப்பன் உளுந்து தெளிச்சிருக்கானாம்.” தைலத்தின் மூடியைத் திருகினார். “நல்லா வந்திருக்கு அந்தப் பொண்ணு.”

செல்லதுரையின் பெயரைக் கேட்டாலே சாப்பிடுவதை விட்டு எழுந்துபோன மனிதர் அவர். மங்களாம்பிகை எம்.டி. முடித்து வந்தபோது, “பொணத்தையும் மூத்திரத்தையும் பாக்குற படிப்பா?” என்றுதான் கேட்டார். நல்லா வந்திருக்கே என்று ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது யாருடைய மகளையோ சொல்கிறார்.

அன்றைக்கு அவள் தோசையை ஊற்றினாள், அவருக்கு வைத்தாள், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்துதான் அது தொடங்கியது. அம்சவல்லியின் நோயாளிகளுக்கு எழுதிய டெஸ்ட்டுகள் குறைவு. ஒருவருக்குச் சர்க்கரை மட்டும், இன்னொருவருக்குக் கிரியாட்டினின் மட்டும். டெஸ்ட் முடிந்த பிறகும், அணுக்களைப் பிரித்தெடுத்த தெளிந்த ரத்த நீரான சீரம் குழாயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். டெக்னீஷியன் ஜெகபர் அலியும் மற்றவர்களும் மதியம் சாப்பிடப் போன நேரத்தில், மங்களாம்பிகை அந்த மிச்சத்தை எடுத்து முழுச் செட்டையும் ஓட்டினாள். எங்கேயாவது ஒன்று தப்பியிருக்கும். எழுதாமல் விட்ட ஒரு டெஸ்ட்டில் ஏதாவது ஒரு கெடுதல் ஒளிந்திருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு இராஜாங்கத்தின் அறைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். செலவாகும் ரசாயனத்துக்குத் தன் பணத்திலேயே தஞ்சாவூரிலிருந்து பெட்டி வரவழைத்து வைத்தாள். அலி ஒரு தடவை கேட்டார். “மெஷின் சரியா ஓடுதான்னு பாக்குறேன்” என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

மார்கழி போனது, தை போனது. ஒன்றும் அகப்படவில்லை. சில இடங்களில் ஓர் எண் கொஞ்சம் ஏறியிருந்தது, கொஞ்சம் இறங்கியிருந்தது; ஆனால் அதற்காக எந்த டாக்டரும் எந்த மருந்தையும் மாற்றியிருக்க மாட்டார். அம்சவல்லி கேட்காமல் விட்ட எதுவும் கேட்டிருக்க வேண்டியதாக இல்லை. ஒவ்வொரு நாளும் மெஷின் எண்களைக் காட்டக் காட்ட மங்களாம்பிகைக்கு மனம் கனத்தது. தன் கையாலேயே அவளுக்குச் சான்று எழுதிக்கொண்டிருப்பது போல இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு அகப்படும் என்று மறுபடி ஓட்டினாள்.

மாசியில் கோவிந்தராசு என்பவர் வந்து படுத்தார். குத்தாலத்துக்குப் பக்கத்தில் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர், அறுபதை நெருங்கிய வயது. சர்க்கரை வியாதி. வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட கால் அழுகத் தொடங்கியிருந்தது. கூட அவர் மனைவி நாகம்மாள் இருந்தாள். போடுகிற மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அம்சவல்லி மூன்றாம் நாள் காலைக்குக் கிரியாட்டினின் மட்டும் எழுதியிருந்தாள். ‘ஏறினால் மருந்தை மாற்றுவேன்’ என்று பக்கத்தில் ஒரு வரி.

விடியற்காலையில் ரத்தம் எடுத்துவிட்டார்கள். ஆனால் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும்தான் போடுவார்கள். சீரத்தைப் பிரிக்கும் மெஷின் சுற்றாது. “ரத்தம் கெட்டுடக் கூடாதுன்னு குழாயெல்லாம் ஃப்ரிட்ஜுல வச்சிருக்கேம்மா, உள்ள குளிர் இன்னும் இறங்கல” என்று அலி வந்ததும் வராததுமாக அவளிடம் சொன்னார். கரண்ட் வந்தது பன்னிரண்டு மணிக்கு. பிரித்து, கிரியாட்டினின் பார்த்து அனுப்பினார்கள். சரியாகவே இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மங்களாம்பிகை கோவிந்தராசுவின் மிச்சத்தை முதலில் எடுத்து ஓட்டினாள். சோடியம் சரி. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.

இருதயம் நின்றுபோகக்கூடிய அளவு அது.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அது பயத்தினால் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை நாள் காத்திருந்தது வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், முப்பது வருஷப் படிப்பும் பழக்கமும் ஒரு கேள்வி கேட்டது: பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரம் கிடந்த ரத்தம் இல்லையா? சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் குளிரில் தானே வெளியே கசிந்து வந்துவிடும். பார்த்தால் ரத்தம் கெட்ட மாதிரியே தெரியாது. எண் மட்டும் ஏறும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் முதல் வாரமே அவள் சொல்லித்தருவது இது. அதோடு, சிறுநீரகம் ஒழுங்காக இருக்கும் ஒருவருக்கு இந்த அளவு ஏறக் காரணமும் இல்லை. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகும்.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்காதவள் போல நடந்தாள். கீழே புற நோயாளிகள் பகுதியில் அம்சவல்லி இருந்தாள். மங்களாம்பிகை அங்கே போகவில்லை. மாடிக்கு, நேராக இராஜாங்கத்திடம் போனாள்.

“சார், எட்டாம் நம்பர் பெட்டு. பொட்டாசியம் ஆறு எட்டு. செட்டு எழுதியிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்.”

இராஜாங்கத்தின் முகம் வெளுத்தது. அவர் டூட்டி டாக்டர் தியாகராசனைக் கூப்பிட்டார். தியாகராசன் ஓடிப்போய் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, “ஈசிஜி நல்லாத்தான் இருக்கு சார். அம்சவல்லி டாக்டரைக் கூப்பிடவா?” என்று போனில் கேட்டார்.

“மேடமே பாத்து சொல்லியிருக்காங்க. மொதல்ல ஊசியைப் போடுங்க” என்றார் இராஜாங்கம். மங்களாம்பிகை பக்கத்தில்தான் நின்றாள். ஃப்ரிட்ஜில் கிடந்த ரத்தம் என்று சொல்லவில்லை.

பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தியாகராசன் கொடுத்தார். கோவிந்தராசு காலையில் வழக்கமான இன்சுலினும் போட்டிருந்தார். வாய்க்கசப்பில் மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நாகம்மாள் துண்டால் துடைத்தாள். அவர் அவளை யார் என்று கேட்டார். பிறகு ‘மடையைத் திற, மடையைத் திற’ என்று யாரிடமோ சொன்னார். கண் மேலே செருகியது.

நாகம்மாள் போட்ட சத்தத்தில் அம்சவல்லி கீழிருந்து ஓடிவந்தாள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினாள். அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இங்க பாருங்க, என்னைப் பாருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கோவிந்தராசு கண் திறந்து, “தண்ணி குடும்மா” என்றார்.

“யாரு இவருக்கு இன்சுலின் போடச் சொன்னது?” என்று அம்சவல்லி கேட்டாள். தியாகராசன் சொன்னார்.

அவள் கோவிந்தராசுவின் கையில் புதிதாக ரத்தம் எடுத்து, குழாயை யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள். மங்களாம்பிகை அங்கே உட்கார்ந்திருந்தாள். வார்டில் நடந்தது அவளுக்கு எட்டியிருந்தது. அலி குழாயை வாங்கிப் பிரித்து ஓட்டினார். நாலு புள்ளி ரெண்டு. எந்தக் குறையும் இல்லாத எண்.

“அலி பாய், கொஞ்சம் வெளியில இருங்க” என்றாள் அம்சவல்லி. அவர் போன பிறகு கதவைச் சாத்தினாள்.

“இன்சுலின் போட்டாலும் ஆறு எட்டு இவ்வளவு சீக்கிரம் நாலு ரெண்டுக்கு இறங்காது. அந்தக் காலை ரத்தம், அது எங்க இருந்துச்சு மேடம்?”

“ஃப்ரிட்ஜுல.”

“பிரிக்காமயா?”

மங்களாம்பிகை தலையசைத்தாள்.

“நான் பொட்டாசியம் கேக்கவே இல்லையே. எதுக்குப் பாத்தீங்க?”

“மெஷின் சரியா ஓடுதான்னு...” சொல்ல ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. அவளுக்குள் ஏதோ அறுந்தது. “உன்னைப் பிடிக்கத்தான் பாத்தேன். உன் பேஷன்ட்டு ஒவ்வொருத்தருக்கும் பாத்தேன். கார்த்திகையிலேருந்து பாக்குறேன்.”

‘உன்’ என்றது இருவர் காதிலும் விழுந்தது. இந்தக் கட்டடத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் ‘நீங்க’ என்றுதான் பேசியிருக்கிறார்கள். அந்த வார்த்தை ஊரில் எந்தக் களத்து மேட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவள் போல அம்சவல்லி பார்த்தாள். அவள் வார்த்தையில் மரியாதை குறையவில்லை.

“என்னைப் பிடிக்கணும்னா என்னைப் பிடிச்சிருக்கலாம். குறுக்க அந்த ஆளு என்ன பண்ணாரு? அவரு செத்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

“தெரியல.”

“ஃப்ரிட்ஜுல வச்சா ஏறும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள் மங்களாம்பிகை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பிறகு, தேவையில்லாமல், சிறுபிள்ளை மாதிரி சொன்னாள்: “நீங்க சொன்ன இதே விஷயத்தை நான் ஒம்பது வருஷத்துக்கு முன்னாடியே அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு.”

“எனக்கு எப்படி மேடம் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லியிருக்கலாமே.”

நியாயமான பேச்சு, அதனாலேயே அது மங்களாம்பிகைக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அம்சவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்தம்மாகிட்ட நடந்ததைச் சொல்லணும். நான் சொல்லவா, நீங்க வர்றீங்களா?”

மங்களாம்பிகை எழுந்து போனாள். எட்டாம் நம்பர் படுக்கையில் கோவிந்தராசு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவள் நாகம்மாளிடம், ரத்தத்தில் ஓர் உப்பு ஏறியிருப்பதாகத் தான் தவறாகச் சொல்லிவிட்டதாகவும், அதற்குக் கொடுத்த மருந்தில்தான் அவருக்கு மயக்கம் வந்தது என்றும், இனி பயமில்லை என்றும் சொன்னாள். நாகம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

“அந்த டெஸ்ட்டு வேணும்னு டாக்டரம்மா எழுதினாங்களா?”

“இல்ல.”

“வேணாம்னு விட்ட டெஸ்ட்டை நீங்க ஏம்மா எடுத்தீங்க?”

“தப்புதான்” என்றாள் மங்களாம்பிகை.

“என்னமோம்மா. நாங்க ரெண்டு பேருந்தான். பசங்க சிங்கப்பூருல கெடக்குறானுங்க. இவருக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?” என்று சொல்லிவிட்டு, நாகம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைப் புருஷன் கையிலிருந்து வாங்கினாள்.

மறுநாள் இராஜாங்கம் எல்லா டாக்டர்களையும் கூப்பிட்டார். இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “இந்த வம்பே வேண்டாம். பழையபடி செட்டே எழுதிடுங்க. எல்லாத்தையும் பாத்துட்டோம்னா நாளைக்கு யாரும் நம்மளக் கேக்க முடியாது” என்றார்.

அம்சவல்லி வாய் திறப்பதற்குள் மங்களாம்பிகை எழுந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். ஃப்ரிட்ஜைச் சொன்னாள், தான் தெரிந்தே விட்டதைச் சொன்னாள். தியாகராசன் தலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவள் சொன்னாள்: “மூணு மாசமா டாக்டர் அம்சவல்லி வேண்டாம்னு விட்ட டெஸ்ட் அத்தனையும் நான் பாத்திருக்கேன் சார். மெஷினுக்குள்ள எல்லாம் இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம். அவங்க தவறவிட்டது ஒண்ணுகூட இல்ல. மூணு மாசத்துல கெடுதல் வந்தது ஒரே ஒரு டெஸ்ட்டால. அது யாரும் கேக்காத டெஸ்ட். செட்டு போட்டா பத்திரம்னு நினைக்காதீங்க. தினம் அறுபது பேருக்குப் பதினஞ்சு எண் வந்தா, அதுல ஏதாவது ஒண்ணு பொய்யா ஏறும். அதை நம்பி யாராவது ஊசி போடுவோம்.”

அவள் அதை நல்ல மனசோடு பேசினாள் என்று சொல்ல முடியாது. இந்த அறையில் ஒரு தடவையாவது முழுசாகப் பேசிவிட வேண்டும் என்ற ஆத்திரம் அதில் பாதி. ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தியாகராசன் கேள்வி கேட்டார். மயக்க மருந்து டாக்டர் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். பேசப் பேச, பல வருஷமாக அடைத்திருந்த மூச்சு திறந்தது போல இருந்தது.

கடைசியில் இராஜாங்கம் பெருமூச்சு விட்டார். “சரி. அப்ப அம்சவல்லி சொன்னதுதான் சரின்னு ஆகுது. அப்படியே நடக்கட்டும்” என்றார். மங்களாம்பிகையைத் தனியே கூப்பிட்டு, நடந்ததற்கு விளக்கம் கேட்டு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அது நியாயம்தான். ‘அம்சவல்லி சொன்னது’ என்றாரே, அதுதான் வீடுவரை கூட வந்தது.

அதற்குப் பிறகு இருவரும் சிநேகமாகிவிடவில்லை. வேலை நடந்தது. எந்த டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் இடைவெளி போதும், ஒரே குழாய் ரத்தத்தில் எதையெல்லாம் சேர்த்துப் பார்க்கலாம், வேறு ஊரில் பார்த்து வந்த ரிசல்ட்டை எப்போது நம்பலாம் என்று வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து பேசினார்கள். அம்சவல்லிக்குத் தெரியாதது மங்களாம்பிகைக்கு நிறையத் தெரிந்திருந்தது. அம்சவல்லி கேட்டுக்கொண்டாள், சில இடங்களில் மறுத்தாள். பேச்சு சூடு பிடிக்கும் நேரங்களில் மங்களாம்பிகைக்கு எரிச்சல் மறந்துபோகும். வார்டில் யாராவது ‘நம்ம அம்சவல்லி டாக்டர் கொண்டாந்த முறை’ என்று சொல்லக் கேட்டால் திரும்பி வந்துவிடும். கோவிந்தராசு கால் ஆறி வீட்டுக்குப் போனார். போகும்போது நாகம்மாள் அம்சவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மங்களாம்பிகையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

அடுத்த வருஷம் அம்சவல்லிக்கு அரசு வேலை கிடைத்து ஒரத்தநாட்டுக்குப் போனாள். அவள் இடத்துக்கு மதுரையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வந்த வாரமே பழைய செட்டு மாதிரி எழுத ஆரம்பித்தார். விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அம்சவல்லியின் பெயரும் அதோடு போய்விடும். மங்களாம்பிகைக்கு இது தோன்றாமல் இல்லை. ஒரு முழு நாள் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரத்தநாட்டிலிருந்து போன் வந்தது.

“மேடம், ஒரு சந்தேகம்” என்றாள் அம்சவல்லி. குழந்தைகளுக்கு ரத்தம் குறைவாக எடுத்துப் பார்க்கும் வழியைப் பற்றிக் கேட்டாள். மங்களாம்பிகை விளக்கினாள். பேச்சு முடியும்போது அம்சவல்லி, “இங்கயும் அதே முறையை ஆரம்பிச்சாச்சு மேடம். ஜில்லா ஆபீஸ்லேருந்து வந்து பாத்துட்டுப் போனாங்க. மத்த ஆஸ்பத்திரியிலயும் பேசச் சொல்லியிருக்காங்க” என்றாள்.

“யாரை? உங்களையா?”

“ஆமா மேடம். கும்பகோணத்துல டாக்டர் மங்களாம்பிகை இருக்காங்க, அவங்களையும் கூப்பிடுங்கன்னு சொன்னேன். எழுதி அனுப்புறோம்னாங்க.”

“ஓ” என்றாள் மங்களாம்பிகை. “நல்லது.”

போனை வைத்தாள். தன் பெயரையும் சொல்லியிருக்கிறாள். ‘அவங்களையும்’ என்ற அந்த ‘யும்’ நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் மூடி வைத்தாள்.

இரண்டு மணிக்கு மேல் வார்டிலிருந்து அலி சீட்டைக் கொண்டுவந்தார். காய்ச்சலில் படுத்த ஒரு கல்லூரிப் பையனுக்கு மதுரை டாக்டர் பதினொரு டெஸ்ட் எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

“ரத்தம் எடுத்துடவாம்மா?”

“இருங்க” என்றாள். சீட்டை எடுத்துக்கொண்டு, இதை வைத்து எதை மாற்றப்போகிறீர்கள் என்று கேட்பதற்காக மாடிப்படி ஏறினாள்.